டேப்பில் எடுத்த படத்தை எச்டி ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

மிகக் குறைந்த செலவில் ஹை-8 என்ற பழைய கேம்கார்டர் டேப்பில் நாங்கள் எடுத்த ஒரு மணி நேரப் படத்தின் மூல கேசட்டுகளை, கணினியில் ஏற்றித் தரும் நிறுவனம் ஒன்றிடம் நம்பிக் கொடுத்து ஏமாந்தேன். அலமாரியில் இப்படிப்பட்ட கேசட்டுகளை வைத்திருக்கும் யாரும் நான் இழந்ததை இழக்கக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

"எச்டி தரத்தில் கிடைக்கும்" என்று அவர்கள் உறுதியளித்தார்கள். வந்து சேர்ந்த கோப்பும் 1920க்கு 1080 என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் 4:3 விகிதத்தில் எடுத்த படத்தைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அளவை நிரப்பியிருந்ததால் எல்லா முகங்களும் அகன்றுபோயிருந்தன. ஹை-8 டேப்பில் கிடைமட்டமாக ஏறத்தாழ 400 கோடுகள் அளவுக்கே விவரம் பதிகிறது. கோப்பைப் பெரிதாக்குவதால் டேப்பில் இல்லாத விவரம் வந்துவிடாது. போதாக்குறைக்கு, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்குவதாகச் சொல்லி முகங்களை மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக்கியிருந்தார்கள்.

அதைவிட என்னை வருத்தியது அசைவுகளுக்கு நேர்ந்த கதி. வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பும் காட்சியில் ஒரு கைக்கு இரண்டு கைகள் தெரிந்தன. பால் (PAL) என்ற வீடியோ முறையில் நொடிக்கு 50 ஃபீல்டுகள், அதாவது ஒன்றுவிட்ட வரிகளாலான அரைப் படங்கள், பதிவாகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தது. அவர்கள் இரண்டிரண்டு ஃபீல்டுகளை ஒன்றாகக் குழைத்து நொடிக்கு 25 முழுப் பிரேம்களாக்கிவிட்டார்கள். இப்படிக் குழைத்ததைப் பிறகு சரிவரப் பிரித்தெடுக்க இயலாது. அதே காட்சியில் அணிந்திருந்த வெள்ளைச் சட்டை மடிப்பே இல்லாத வெள்ளைத் தாளாகத் தெரிந்தது. பின்னாலிருந்த கதவின் விளிம்பு காற்றில் ஆடும் கயிறுபோல் நெளிந்தது. கேட்டபோது, "கேசட் பழசு, இவ்வளவுதான் வரும்" என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

பிறகு படத்தொகுப்பில் அனுபவமுள்ள நண்பர் ஒருவர் அதே கேசட்டை, டைம் பேஸ் கரெக்டர் உள்ள ஹை-8 கேமராவில் ஓட்டி, ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே கடத்தும் எஸ்-வீடியோ வடம் வழியாக ஏற்றினார். டேப்பிலிருந்து படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முந்தியோ பிந்தியோ வருவதால்தான் விளிம்புகள் நெளிகின்றன. டைம் பேஸ் கரெக்டர் அந்த வரிகளைப் பிடித்துவைத்துச் சீரான இடைவெளியில் அனுப்புகிறது. கதவு நேராக நின்றது. ஏற்றும்போதே ஒளி அளவைச் சற்றுக் குறைத்ததும் சட்டையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவை இத்தனை காலமும் டேப்பில் பத்திரமாகத்தான் இருந்திருக்கின்றன! அந்த நிறுவனத்தினர் ஒளியையும் நிறத்தையும் கலந்து அனுப்பும் காம்போசிட் வடத்தில், ஒளி அளவைக் கவனிக்காமல் ஏற்றியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

மீட்க முடியாத இழப்பும் ஒன்று உண்டு. மூன்றாவது கேசட்டின் தொடக்கத்தில் டேப் அவர்களுடைய கருவியில் சிக்கிக் கசங்கியிருந்தது. அதில் இருந்த ஒரு காட்சி இனி எங்கும் இல்லை. கசங்கியதை அவர்கள் எங்களிடம் சொல்லவும் இல்லை.

ஆகவே எல்லாக் கேசட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒப்படைக்காதீர்கள். அதிக முக்கியமில்லாத ஒன்றை மட்டும் முதலில் கொடுத்து, வேகமான அசைவும் பளிச்சென்ற வெள்ளையும் உள்ள ஒரு நிமிடத்தை மாதிரியாகக் கேட்டுப் பாருங்கள். எந்த வடத்தில் ஏற்றுகிறார்கள், டைம் பேஸ் கரெக்டர் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மெருகேற்றிய கோப்பு எதுவாயினும், 720க்கு 576 அளவில் ஃபீல்டுகள் குலையாத, இழப்பின்றிச் சுருக்கிய மூலக் கோப்பும் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். சுருக்காத 8 பிட் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். இழப்பின்றிச் சுருக்கினாலும் பல பத்து ஜிபி இருக்கும். எங்கள் முழுப் படமும் 2 ஜிபியில் வந்தபோதே நான் சந்தேகப்பட்டு, கேசட்டுகளை அவர்களிடமிருந்து அன்றே எடுத்துவந்திருக்க வேண்டும்.