வெள்ளைப் பசை ஊற்றிய டபுள் பாஸ்

பாரிஸில் ரூ தெ ரோம் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது என் மகளின் டபுள் பாஸைத் திருத்தித் தந்த பட்டறை. பெயரைப் போடவேண்டாம் என்று அதை நடத்துகிறவரே கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற வேலையே முடியவில்லையாம். வயலின் வகை வாத்தியங்களைச் செய்கிற, திருத்துகிற ஆளை இங்கே லூத்தியே என்பார்கள். அந்தத் தெரு நெடுக அவர்களின் கடைகள்தான். பக்கத்தில் இருந்த கொன்செர்வத்துவார் என்ற இசைக் கல்லூரி 1990இல் லா விலெத்துக்குப் போய்விட்டது, கடைகள் நகரவில்லை. இவர் டபுள் பாஸ் மட்டும்தான் எடுப்பார், நின்று வாசிக்கிற, ஆள் உயரப் பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் அது.

மகள் டபுள் பாஸ் பழகுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பழையது ஒன்று வாங்கினோம். விற்றவர் "இத்தாலிய வேலை" என்றார். உள்ளே கஸ்பாரோ த சாலோ என்று லேபிளும் இருந்தது. அவர் 1609இல் இத்தாலியின் பிரேசியாவில் இறந்த, பேர்பெற்ற வாத்தியக் கைவினைஞர். நான் கொடுத்த காசுக்கு அவர் கைபட்ட வாத்தியம் வராது என்று தெரியும், ஆனாலும் ஒரு நப்பாசை.

போன குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டில் முதுகுப் பலகை ஒரு சாண் நீளத்துக்கு வெடித்தது. நான் சமையலறை அலுமாரி பொருத்தும் தச்சன், கை சும்மா இருக்குமா? வெள்ளைப் பசையை ஊற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன். மூன்றே மாதத்தில் பக்கத்தில் இன்னொரு வெடிப்பு.

அப்போதுதான் இந்த லூத்தியேயிடம் கொண்டுபோனோம். அவர் வாத்தியத்தின் உள்ளே ஒரு சின்ன விளக்கை இறக்கி, பல் வைத்தியர் கண்ணாடி மாதிரி ஒன்றால் பார்த்தார். "இது யார் செய்த வேலை?" என்பதுதான் முதல் வார்த்தை. மகள் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். முதுகு தட்டையான மேப்பிள் பலகை. உட்பக்கம் அதன் இழைக்குக் குறுக்காகச் சட்டங்கள் ஒட்டியிருக்கும். அறை காய்ந்தால் பலகை அகலத்தில் சுருங்கும், குறுக்குச் சட்டம் நீளத்தில் சுருங்காது. பலகைதான் பிளக்கும். இது எனக்குத் தெரியாததா! கதவு செய்யும்போது நடுப்பலகையைப் பசை வைக்காமல் காடியில் சும்மா விடுவது இதற்காகத்தானே. முப்பது வருடம் செய்த வேலை. வாத்தியம் என்றதும் புத்தி எங்கே போனதோ.

மேசை ஓரத்தில் ஒரு சட்டியில் வச்சிரப் பசை சூடாகிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பட்டறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேனே, அதே வாடை. தோலைக் காய்ச்சி எடுக்கிற வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கும். இன்னும் நூறு வருடம் கழித்துத் திருத்துகிறவனும் சேதமில்லாமல் திறக்கலாம். என் வெள்ளைப் பசை அப்படியில்லை. அது மரத்துக்குள் ஊறிவிட்டால் அந்த இடத்தில் வச்சிரம் பிடிக்காது. அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் போனதாம்.

லேபிளை அவர் படிக்கக்கூட இல்லை. மூலைகளைத் தடவிப் பார்த்தார். பக்கப் பலகைகள் இரண்டும் மூலையின் நடுவில் சரியாகக் கூடியிருந்தன. வெளி அச்சுக்குள் வைத்துக் கட்டுகிற பிரெஞ்சுக்காரர் முறை அது. "மிர்கூர், பத்தொன்பதாம் நூற்றாண்டு" என்றார். வோஜ் மலைப் பக்கத்துச் சிற்றூர். ஊரே வயலின் செய்து பிழைத்தது. தலைப்பகுதியில் மரத்துண்டு வைத்து அடைத்த ஒரு பழைய முறுக்காணி ஓட்டையைக் காட்டினார். அக்கால பிரெஞ்சு பாஸ்களுக்கு மூன்று தந்திதான், நாலாவது பிறகு வந்தது. இத்தனை நாள் அதை ஏதோ பூச்சி அரித்த இடம் என்று நினைத்திருந்தேன்.

மிர்கூரில் 1798இல் பிறந்தவர்தான் ழான் பப்திஸ்த் வியோம் என்ற லூத்தியே. அவர் செய்த ஒக்தோபாஸ் என்ற ராட்சத பாஸைப் போய்ப் பாருங்கள் என்று பட்டறைக்காரர் மகளிடம் சொன்னார். அது இருப்பது போர்த் தெ பந்தான் இசை அருங்காட்சியகத்தில், பொபினியிலிருந்து ஐந்தாம் நம்பர் மெட்ரோவில் நாலாவது நிறுத்தம். கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம், மூன்று தந்தி. கை எட்டாது என்பதால் மேடையில் ஏறி நின்று, நெம்புகோலாலும் மிதிகட்டையாலும் தந்தியை அழுத்த வேண்டும். 1851 லண்டன் கண்காட்சிக்குப் போன வாத்தியம். "இவ்வளவு பெரிதாக இருந்தும் என் பாஸைவிட இரண்டு சுரம்தான் கீழே போகிறது அப்பா" என்றாள் மகள். அவளுடைய அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், இதற்கு 33. எனக்கோ அதற்கு மரம் வளைத்தவனின் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். வெடிப்பு இருந்த இடத்தை விரல் நகத்தால் தேடினாலும் தட்டுப்படவில்லை. உள்ளே சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் மரத்துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன; ஒவ்வொன்றின் ஓரமும் சரிவாகச் சீவப்பட்டிருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் இப்படிச் சீவுகிறவருக்கு நான் காசு கொடுப்பேன். அடித்தந்தியில் முன்பிருந்த கரகரப்பும் போய்விட்டது.

குறை? ஐந்து வாரம் என்றவர் ஒன்பது வாரம் எடுத்தார், ஒரு போன்கூட இல்லை. மகள் ஒரு கச்சேரியை இரவல் வாத்தியத்தில் வாசித்தாள். 1,400 யூரோ என்றது 1,650 ஆனது. அந்த 250 என் பசைக்கான தண்டம், அதற்கு வாயே திறக்கவில்லை.

போகிறவர்கள் வான் நிறுத்த முதலே இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறை தரைத்தளம்தான், ஆனால் வாசல் ஒடுக்கம். பாஸின் கழுத்தை முதலில் உள்ளே விடவேண்டும்.