துர்நாற்றம் போக்கும் ‘ஓசோன் சிகிச்சை’: ஆளை வரவழைப்பதற்கு முன் படியுங்கள்

வீட்டில் விடாமல் அடிக்கும் நாற்றத்தை ஒரே முறையில் ஒழித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்து, தென்சென்னைப் பக்கம் வீடு வீடாகப் போய்வரும் ஒரு குழுவைப் பற்றிய எச்சரிக்கை இது. பெயரைச் சொல்லிப் பயனில்லை, அதை அவர்களே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுடையது பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்னறைக் குளியலறையில் தரை ஓடு மாற்றிய பிறகு அழுகிய முட்டை நாற்றம் தொடங்கியது. பினாயில், சாம்பிராணி, எலுமிச்சை எதற்கும் அது அசையவில்லை. விளம்பரத்தைப் பார்த்து அழைத்தோம். ‘சதுர அடிக்கு 8 ரூபாய்’ என்றார்கள். ஓர் அறையும் குளியலறையும்தானே, ஆயிரத்தைத் தாண்டாது என்று நினைத்தோம்.

வந்த இருவரும் முதலில் எடுத்தது அளவு நாடாவை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. ‘காற்று வீடு முழுவதும் சுற்றுகிறது, அதனால் முழு வீட்டுக்கும் செய்தால்தான் உத்தரவாதம்’ என்று சொல்லி 900 சதுர அடிக்கும் கணக்குப் போட்டார்கள். அது 7,200 ரூபாய். ஏதோ ஒரு திரவத்துக்கு 1,500. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 10,266. வரி வாங்கிய அந்த ரசீதில் ஜிஎஸ்டி பதிவு எண் இல்லை! பணம் போனதும் நிறுவனக் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு.

பிறகு ஓசோன் வாயுவை வெளியிடும் சிறிய பெட்டி ஒன்றை ஓடவிட்டார்கள். எங்களைக் கூடத்திலேயே உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கை அரிக்கும் நெடி பரவியது. ஆஸ்துமா உள்ள என் மாமியார் இரும ஆரம்பித்தார். ‘கிருமி சாகிற வாசனை, பயப்படாதீர்கள்’ என்றார் ஒருவர். அத்தையை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். ஆள் இருக்கும் இடத்தில் பாதுகாப்பான அளவுக்குள் அதை வைத்திருந்தால் நாற்றத்தைப் போக்கும் திறன் மிகக் குறைவு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கலிபோர்னியாவில் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோன் வெளியிடும் காற்றுச் சுத்திகரிப்பான்களை வீட்டுக்கு விற்கவே கூடாது. இங்கே கூடத்தில் ஒரு முதியவரை உட்காரவைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

போகும்போது மல்லிகை வாசனைத் திரவத்தை வீடெங்கும் அடித்துவிட்டு, 24 மணி நேரம் ஜன்னலைத் திறக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். தந்திரம் இதுதான். மல்லிகை இருக்கும்வரை எதுவும் தெரியாது. அதற்குள் பணம் கைமாறிவிடும். மறுநாள் மாலை முட்டை நாற்றம் மல்லிகையோடு கலந்து வந்தது. முன்பு இருந்ததே தேவலை என்று தோன்றியது.

தொலைபேசியில் கேட்டதற்கு முதல் பதில், ‘மீன் சமைத்திருப்பீர்கள்.’ எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. இரண்டாவது பதில், இன்னும் உயர்ந்த ‘பேக்கேஜ்’. மூன்றாவதுதான் ஆபத்தானது. குளியலறைத் துளையில் ஆசிட்டை ஊற்றி அதன்மேல் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய குளியலறையில் அது உயிரைப் பறித்துவிடும்.

கடைசியில் தெருமுனை பிளம்பர் வந்தார். குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் துளையில் இருக்கும் நஹானி டிராப்பின் சல்லடை மூடியைத் தூக்கினார், டார்ச் அடித்தார், ‘உள்ளே கிண்ணம் எங்கே மேடம்?’ என்று கேட்டார். அந்த மூடிக்கு அடியில் கவிழ்ந்த கிண்ணம் ஒன்று இருக்க வேண்டுமாம். அதன் விளிம்பு தேங்கிய தண்ணீரில் மூழ்கியிருக்கும். கழிவுநீர் கீழே இறங்கும், சாக்கடைக் காற்று மேலே வராது. ஓடு பதித்தவர்கள் அதை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் மூடியை வைத்துப் போயிருக்கிறார்கள். புதிய கிண்ணமும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். அன்றிரவே நாற்றம் நின்றது. சாக்கடையிலிருந்து இடைவிடாமல் மேலேறி வரும், அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை எந்தப் பெட்டியை ஓடவிட்டுத் தீர்க்க முடியும்?

அவரே சொன்ன இன்னும் சில குறிப்புகள். புழங்காத குளியலறையில் டிராப் தண்ணீர் கோடையில் வற்றிப்போகும், வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். வாஷ்பேசினுக்கு அடியில் வளைவு இல்லாமல் நேராகத் துளைக்குள் போகும் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அதையும் மாற்றுங்கள். நாற்றத்தின் இடத்தைத் தேடும்போது நடுநடுவே வெளியே போய்விட்டு வந்து முகர வேண்டும். உள்ளேயே இருந்தால் மூக்கு பழகிவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். எதிர்த்தரப்பின் முகவரி கேட்டார்கள். ஆறு மாத உத்தரவாத அட்டையில் வண்ணப் படங்கள் நிறைய இருக்கின்றன, முகவரி மட்டும் இல்லை. யுபிஐ ரசீதையும் அழைப்புப் பதிவையும் இணைத்திருக்கிறேன். இதில் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இதே குழுவிடம் பணம் கொடுத்தவர்கள் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாமல் நீங்களும் புகார் பதியுங்கள்.

அவர்களுடைய பழைய எண் இப்போது அணைந்து கிடக்கிறது. அதே பெட்டியின் அதே புகைப்படம் வேறு பெயரில் விளம்பரமாக ஓடுகிறது. இம்முறை சதுர அடிக்கு 6 ரூபாயாம்.