பேசாத ஆட்டக்காரரை என்ன செய்வது? மாஃபியா முதல் அமாங் அஸ் வரை ஓர் ஒப்பீடு

மறைந்திருக்கும் எதிரிகளைப் பேசிக் கண்டுபிடிக்கும் மாஃபியா ஆட்டத்தை 1980களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி டேவிடோஃப் உருவாக்கியபோது, ஆடியவர்கள் எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்கள். வாயைத் திறக்காதவரின் முகத்தையாவது பார்க்க முடிந்தது. இணையத்தில் எழுதி ஆடும் மாஃபியாவில் அதுவும் இல்லை. எழுதாதவர் வெறும் பெயர்தான்.

யார் யார் கூட்டாளி என்று தெரிந்த சிலர் (மாஃபியா) ஒரு பக்கம், ஒன்றுமே தெரியாத பலர் (ஊர்) மறுபக்கம். பகலில் எல்லாரும் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள்; இரவில் மாஃபியா இரகசியமாக ஒருவரைக் கொல்லும். அந்தப் பலருக்கு உள்ள ஒரே ஆயுதம் பேச்சு. அதனால் ஊர்க்காரர் ஒருவர் மௌனமாக இருப்பது ஊருக்கு நேரடி நஷ்டம். மாஃபியா இரவில் யாரைக் கொல்லும்? நன்றாக யோசித்து எழுதுபவரைத்தான். பேசாதவரை விட்டுவைக்கும். கடைசியில் மூன்று பேர் மிஞ்சும்போது, அலசிப் பார்க்க எழுத்தே இல்லாதவர்கள்தான் எதிரில் இருப்பார்கள். இதைத் தடுக்க ஆட்டம் நடத்துபவர்கள் கையாளும் வழிகள் சில உண்டு. எல்லாம் சமமானவை அல்ல என்பதே என் கருத்து.

முதல் வழி, குறைந்தபட்சப் பதிவு எண்ணிக்கை: ஒரு பகலுக்கு இத்தனை எழுதியே ஆக வேண்டும். மாஃபியா யூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் வழக்கமான 48 மணி நேரப் பகல், 24 மணி நேர இரவு போன்ற வேகமான ஆட்டங்களில் இது பொருந்துகிறது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையை நிரப்புவது மாஃபியாவுக்கு மிகச் சுலபம். “படிச்சிட்டு வரேன்”, “அவர் சொன்னது சரிதான்”, “எனக்கும் அதே சந்தேகம்” என்று எழுதினால் கணக்கு முடிந்தது. அத்தனை பதிவிலும் ஒரு நிலைப்பாடு இருக்காது. முழு மௌனமாவது கண்ணில் படும். இப்படி எழுதிக்கொண்டே ஒளிந்திருப்பவர் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது வழி மாஃபியாஸ்கம் போன்ற நிதானமான தளங்களுடையது. பகல் ஒன்றே பல நாள் நீளும், பெரும்பாலும் இரண்டு வாரம் வரை. 48 அல்லது 72 மணி நேரம் எழுதாவிட்டால் நடத்துபவர் தனிச்செய்தியில் ஒரு ‘ப்ராட்’ (நினைவூட்டல்) அனுப்புவார். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார். முன்னவரின் வேடம், ஓட்டு, எழுதியது எல்லாமே புதியவருடையதாகிவிடும். ஊருக்குப் போயிருக்கிறேன், பரீட்சை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி விலக்கு வாங்கவும் முடியும்.

இதில் சுமை முழுவதும் புதிதாக வருபவர் தலையில்தான். பல நூறு பதிவுகளைப் படித்துவிட்டு, தான் எழுதாத வார்த்தைகளுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும். அப்படி நடுவில் வந்து உட்காருகிறவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவர்கள் இல்லையென்றால் பாதி ஆட்டங்கள் முடிவையே காணாது.

மூன்றாவது, ‘மாட்கில்’: வராதவரை நடத்துபவரே ஆட்டத்தில் கொன்றுவிடுவது. பார்க்க நியாயமான தண்டனைபோல இருக்கும். கணக்குப் போட்டால் வேறு கதை. 9 பேர் ஆட்டம், 2 மாஃபியா, சிறப்புச் சக்தி யாருக்கும் இல்லை என்று வையுங்கள். இரு பக்கத்து எண்ணிக்கையும் சமமானால் மாஃபியாவுக்கு வெற்றி. ஊர் இரண்டு முறை தவறான ஆளை வெளியேற்றினாலும் தாக்குப்பிடிக்கும்; மூன்றாவது தவறில்தான் தோற்கும். முதல் பகலிலேயே ஓர் ஊர்க்காரர் மாட்கில் ஆனால் 6 ஊர்க்காரர்களுக்கு 2 மாஃபியா. இப்போது இரண்டாவது தவறிலேயே கதை முடிந்துவிடுகிறது. வராமல் போனவர் ஒருவர், தண்டனை மற்ற ஆறு பேருக்கு. போனவர் மாஃபியாவாக இருந்தால் இன்னும் மோசம்: யாரும் யோசிக்காமலே ஊருக்குப் பாதி வெற்றி கிடைத்துவிடும். மாற்று ஆள் கிடைக்கவே இல்லை என்ற நிலையில் மட்டும்தான் இதைத் தொட வேண்டும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் இருந்து ஆடும் ஆட்டங்களில் இந்தச் சிக்கலைக் கடிகாரமே பெருமளவு தீர்க்கிறது. 2018-இல் வெளிவந்து 2020-இல் உலகெங்கும் பரவிய அமாங் அஸ் என்ற வீடியோ கேமில் ஒரு சுற்று சில நிமிடம்தான். யாரும் நாள்கணக்கில் காத்திருப்பதில்லை. இம்போஸ்டர் (மறைந்திருக்கும் கொலைகாரர்) வேடம் கிடைக்கவில்லை என்றதும் வெளியேறும் முன்பின் தெரியாதவர்கள்தான் அங்கே பெருந்தொல்லை.

ஆனால் அமாங் அஸ்ஸிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. செத்த க்ரூமேட் (ஊர்க்காரர் போன்றவர்) ஆவியாக டாஸ்க் (ஒதுக்கப்பட்ட வேலை) செய்தால் அதுவும் வெற்றிக்கு எண்ணப்படும். 2014-இல் வந்த டவுன் ஆஃப் சேலம் என்ற இணைய ஆட்டத்தில் உயிரோடிருக்கும்போது எழுதிவைக்கும் உயில், இறந்தபின் பெரும்பாலும் எல்லார் பார்வைக்கும் வருகிறது. பிளட் ஆன் தி கிளாக்டவர் என்ற ஆட்டத்தில் இறந்தவர் தொடர்ந்து பேசலாம், கையில் ஒரு ஓட்டும் மிஞ்சியிருக்கும். தன் உழைப்பு வீணாகாது என்று தெரிந்தால் ஆட்டக்காரர் தானாகவே உழைக்கிறார். எழுத்து மாஃபியாவிலோ, நன்றாக ஆடியதற்குப் பரிசு முதல் இரவிலேயே சாவு. பிறகு வாயைத் திறக்கவும் கூடாது.

அதிகம் பேசுபவர்களும் பாரம்தான். இதை யாரும் கவனிப்பதில்லை. ஒருவரே ஒரு பகலில் இருநூறு பதிவு போட்டால், வேலை முடிந்து வீடு திரும்பி ஒரு மணி நேரம் ஒதுக்குபவரால் படித்து முடிக்கவே முடியாது. அவர் பின்தங்குவார், பிறகு மௌனமாவார், கடைசியில் சோம்பேறி என்று பெயர் வாங்குவார். அவருக்கு ப்ராட் அனுப்பி என்ன பயன்? அங்கே தேவை மேல்வரம்பு.

நான் தேர்ந்தெடுப்பது நிதானமான ஆட்டத்தின் மாற்று ஆள் முறையைத்தான், இரண்டு மாற்றங்களோடு. குறைந்தபட்சப் பதிவுக்குப் பதில், ஒவ்வொரு பகலிலும் காரணத்தோடு ஓர் ஓட்டு கட்டாயம். பதிவு எண்ணிக்கைக்கு மேல்வரம்பு. சேரும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டுவிட வேண்டும்: எந்தெந்த நாள் வர முடியாது? பகல் முடியும் நேரம் உங்கள் ஊரில் மணி என்ன? நியூயார்க்கில் இரவு 9 மணிக்கு ஓட்டு முடிகிறது என்றால், கோடையில் அது சென்னையில் மறுநாள் காலை 6.30. அந்தக் கடைசி நேரப் பரபரப்பில் இங்கிருந்து ஆடுபவர் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்துப் பார்த்தால் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அவரே வெளியேற்றப்பட்டிருப்பார்.