பல்வலி எவ்வளவு பரவலானது என்று அறிய: தேடல் தரவா, நேரடிக் கணக்கெடுப்பா?

நள்ளிரவு 2 மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு 'பல்வலி உடனே குறைய' என்று தேடுபவரின் தவிப்பு எந்தப் படிவத்திலும் பதிவாகாது. எந்தச் சொல்லை மக்கள் எப்போது, எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் அதைப் பிடித்துவிடும். 2004 முதலான தரவு, அதுவும் இலவசமாக. ஆனால் அது காட்டுவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவுதான், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. தேடியவர் நோயாளியா, பல் மருத்துவ மாணவரா என்பதும் தெரியாது. தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-இல் வந்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012-13 பருவத்தில் காய்ச்சலை மிகையாகக் கணித்துச் சறுக்கியதை மறக்கக் கூடாது.

கணக்கெடுப்பு மெதுவானது, செலவு பிடிப்பது. இருந்தாலும் சிகிச்சைத் திட்டம் தீட்ட அதைத்தான் நம்புவேன். மருத்துவரிடம் போகாததற்குக் காரணம் பயமா, பணமா என்று முகம் பார்த்துக் கேட்கலாம். இணையமே இல்லாதவரின் சொத்தைப்பல்லும் அதில்தான் கணக்கில் வரும்.