ஹீற் பம்ப் பூட்ட வருகினமா? உங்கட வீட்டுக் கணக்கை முதல் கேளுங்கோ

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டிலும் ஹவுசிங் அசோசியேசன் வீட்டிலும் இருக்கிற எங்கட ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். காஸ் பொயிலரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றில் இருந்து சூட்டை இழுக்கிற ஹீற் பம்ப் பூட்டும் வேலை இப்போது தெருத்தெருவாக நடக்கிறது. அரசாங்கத்தின் உதவிக்காசு வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகிறது. வேலைக்கூலி கொந்தராத்துக்காரருக்குப் போகிறது. கரண்ட் பில் மட்டும் எங்களுக்கு வருகிறது. வேலையைப் பிழையாகச் செய்தாலும் முதல் இரண்டு பேருக்கும் ஒன்றும் குறையாது.

நானும் அம்மாவும் லண்டனின் வடமேற்குப் பக்கம், வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருக்கிறோம். பழைய செங்கல் வீடு. ஒரு பக்கச் சுவர் அடியிலிருந்து கூரை வரை வெளிக்காற்றில் நிற்கிறது. அளவெடுக்க வந்தவர் ஹோலையும் குசினியையும் எட்டிப் பார்த்தார், பொயிலரைப் படம் எடுத்தார், மேல்மாடிக்கு ஏறவே இல்லை. ரேடியேற்றர்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சுவர் உடைபடாது, தூசி வராது என்று அம்மாவுக்குச் சந்தோசம்.

ஏமாற்று, ரேடியேற்றர் மாற்றத் தேவையில்லை என்ற அந்த ஒரு வசனத்தில்தான் இருந்தது. பொயிலர் 70 பாகைச் சுடுதண்ணீரை ரேடியேற்றருக்கு அனுப்பும். ஹீற் பம்ப் 45 பாகை, அதற்கும் குறைந்த சூட்டில், மெல்ல மெல்ல நாள் முழுக்க ஓடினால்தான் லாபம். முன்பு 1000 வாற் தந்த ரேடியேற்றருக்குள் 45 பாகைத் தண்ணீரை விட்டால் 400 வாற் அளவுதான் கிடைக்கும். ஒன்றில் ரேடியேற்றரைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் சூடு வெளியே போகாமல் சுவரையும் கூரையையும் அடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் செய்யாமலே பம்பைப் பூட்டிவிட்டார்கள்.

மார்கழி பிறந்ததும் அம்மாவின் அறை குளிர்ந்துபோனது. சொல்லி அனுப்பியதும் ஒருவர் வந்து தண்ணீர்ச் சூட்டை 55க்கு ஏற்றிவிட்டுப் போனார். வெளிக்குளிருக்கு ஏற்றபடி சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதி அதில் இருக்கிறது, அதையும் நிறுத்திவிட்டார். அறை கொஞ்சம் சூடானது. பிறகு பில் வந்தது. காஸும் கரண்டும் சேர்த்து நாங்கள் முந்திய குளிர்காலத்தில் கட்டியதை விட இரண்டு மடங்குக்கு மேல்.

ஊர்ப் பெடியன் ஒருவர் பொயிலர் வேலை செய்கிறவர், ஹீற் பம்ப் படிப்பும் முடித்தவர். வந்து சுவரில் இருந்த திரையை நோண்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது பம்ப் ஓடின பில் இல்லை, இமேர்சன் ஓடின பில்” என்றார். சுடுதண்ணீர்ச் சிலிண்டருக்குள் 3 கிலோவாற் இமேர்சன் ஹீற்றர் ஒன்று இருக்கிறது. கேத்தலுக்குள் இருக்கிற கம்பி மாதிரித்தான், ஆனால் பெரிசு. தண்ணீரில் லீஜியனெல்லாக் கிருமி வராமல் வழக்கமாகக் கிழமைக்கு ஒருக்கால் 60 பாகைக்கு ஏற்ற அது போதும். எங்கள் வீட்டில் அதை ஒவ்வொரு நாளும் மணித்தியாலக் கணக்கில் ஓட விட்டிருந்தார்கள்.

கணக்கைப் பாருங்கோ. கரண்ட் ஒரு யூனிற் 25 பென்ஸ் அளவில், காஸ் 6 பென்ஸ் அளவில் போகிறது. நல்ல பொயிலரில் ஒரு யூனிற் சூட்டுக்கு ஏறத்தாழ ஆறரைப் பென்ஸ். ஹீற் பம்ப் ஒரு யூனிற் கரண்டை எடுத்து நாலு யூனிற் சூடு தந்தால் காஸோடு சமம். மூன்று தந்தால் எட்டுப் பென்ஸைத் தாண்டும். இரண்டரைக்கு இறங்கினால் பத்து. இமேர்சன் என்றால் முழு 25. அந்த நாலும் மூன்றும் இரண்டரையும் பெட்டியின் பிராண்டை விட, எத்தனை பாகையில் தண்ணீர் ஓடுகிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. இன்னொன்று, காஸ் அடுப்பை வைத்துக்கொண்டால் காஸ் கொம்பனிக்கு நாளுக்கு 30 பென்ஸ் அளவில் நிலைக்கட்டணமும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

ஹீற் பம்ப் என்றாலே கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையோடு இதைச் சேர்க்காதேங்கோ. நோர்வேக் குளிரிலேயே அது ஓடுகிறது, ஒஸ்லோவில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால் சொல்லுவினம். குளிர்நாளில் வெளிப்பெட்டியில் இருந்து புகை மாதிரி ஆவி எழும்பினாலும் பயப்பட ஒன்றும் இல்லை, படிந்த உறைபனியை அது தானே உருக்குகிறது. ஆனால் உருகின தண்ணீர் வடிய வழி வைக்க வேண்டும். எங்களுடையது வாசல் நடைபாதைக்குக் குறுக்கே ஓடி, விடியப் பார்த்தால் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது.

கேட்க வேண்டியது ஒரு கடுதாசி. எம்.சி.எஸ் என்பது ஹீற் பம்ப் பூட்டுகிற நிறுவனங்களுக்குத் தரச்சான்று கொடுக்கிற அமைப்பு. அந்தச் சான்று உள்ள நிறுவனம் பூட்டுவதென்றால், அறை அறையாக எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று முதலில் கணக்குப் போட வேண்டும். எம்.ஐ.எஸ் 3005 என்ற அவர்களின் விதி அது. ஹோலுக்கு 21 பாகை, படுக்கை அறைக்கு 18, குளியலறைக்கு 22 என்று வைத்து, கடும் குளிர் நாளில் ஒவ்வொரு அறைக்கும் எத்தனை வாற் வேண்டும், அங்கே இருக்கிற ரேடியேற்றர் எத்தனை வாற் தரும் என்று எழுதியிருக்க வேண்டும்.

எழுத்தில் கேட்டு எங்கள் வீட்டுக் கடுதாசியை எடுத்தேன். அதில் எங்கள் வீடு வரிசைக்கு நடுவில் இருக்கிறதாம். இரண்டு பக்கமும் சூடான பக்கத்து வீடுகளாம். சுவருக்குள் இடைவெளி விட்டுப் பஞ்சும் அடைத்திருக்கிறதாம்! அப்படியான சுவரை விட எங்கள் செங்கல் சுவர் மூன்று மடங்குக்கு மேல் சூட்டை வெளியே விடும். அம்மாவின் அறை கணக்கிலேயே இல்லை. பதிலுக்கு, எங்கள் வீட்டில் இல்லாத உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. வேறு ஒரு வீட்டுக் கணக்கில் எங்கள் கதவிலக்கத்தை அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னதற்கு அவர்கள் காட்டியது அம்மாவின் கையெழுத்தை. வேலை முடிந்த அன்று, நான் வேலைக்குப் போயிருந்த நேரம், ஒரு பெடியன் திரையில் இரண்டு பொத்தானை அமத்திக் காட்டிவிட்டு ரப்லெற்றை நீட்டியிருக்கிறான். பார்சல் கொண்டுவந்தவனுக்குப் போடுவது மாதிரி அம்மா விரலால் கீறியிருக்கிறா. அந்தக் கோணல் கோட்டுக்கு மேலே, எல்லாம் விளங்கப்படுத்தினார்கள், புத்தகங்களும் சான்றிதழும் கையில் கிடைத்தன, வேலை திருப்தி என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. வீட்டில் வயதானவர்கள் தனிய இருக்கிற நாளில் ஒப்படைப்பு வைக்க விடாதேங்கோ. மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால், எங்கள் அசோசியேசன் ஒழுங்கு செய்து தருகிறது. உங்களுடையதையும் கேட்டுப் பாருங்கோ.

அறை குளிர்ந்து பூஞ்சணம் பிடித்தால் போனில் மட்டும் கதைத்துவிட்டு விடாதேங்கோ. ரொச்டேலில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருந்து 2020இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரில் வந்த சட்டம், 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்று அறிவித்தால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், அவசரம் என்றால் 24 மணித்தியாலத்துக்குள். வீட்டுச் சொந்தக்காரரிடம் செய்கிற முறைப்பாடு இரண்டு கட்டம். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால், சமூக வீட்டு முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கிற ஹவுசிங் ஒம்பட்ஸ்மனுக்கு எழுதலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

இரண்டாம் கட்டப் பதில் எங்களுக்கு வந்துவிட்டது. மேல்மாடி ரேடியேற்றர்களை மாற்றச் சம்மதம். வடிகாலும் போட்டுத் தருவார்களாம். கூடுதலாகக் கட்டின கரண்ட் காசு மட்டும் எங்களுக்கும் கரண்ட் கொம்பனிக்கும் இடையிலான விசயமாம். அதைத்தான் ஒம்பட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறேன். கூடவே அந்தக் கணக்குக் கடுதாசியும், பூட்டின அன்றைக்கு நான் எடுத்து வைத்திருந்த மீற்றர்ப் படமும் போயிருக்கின்றன.