டர்பனில் ஆவி வராத மட்டன் பன்னி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த இந்தப் பயணத்தில் விமானம், வாடகைக் கார், பாங்க் எல்லாம் ஒழுங்கு. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு டேக்அவே கடையின் கறித் தட்டைப் பற்றி.

குவார்ட்டர் மட்டன் பன்னி, அதாவது கால் ரொட்டிக்குள் மட்டன் கறி (பன்றி அல்ல, ‘பன்னி சௌ’ என்கிற டர்பன் பலகாரம்). ரொட்டியைக் குடைந்து, கறியை ஊற்றி, குடைந்த துண்டை மேலே வைத்துத் தாளில் சுற்றும் அந்தக் கைப்பழக்கம் நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் எவருக்கும் வராது. ஆனால் ஆவி இல்லை. பேன்மரியின் (கறித் தட்டுகளைச் சுடுதண்ணீர் மேல் வைக்கும் தொட்டி) திருகு 80 டிகிரியில் நிற்கிறது. பன்னியின் நடுவே செருகிய தெர்மாமீட்டர் 46 காட்டியது. (ஊருக்குத் தெர்மாமீட்டரோடு வருகிற ஆள்தான், சிரித்துக்கொள்ளுங்கள்.) ரொட்டி கொஞ்சம் சூட்டை இழுத்திருக்கும் என்று தள்ளுபடி செய்தாலும் 60-க்குக் கிட்டவே இல்லை.

2018 ஜூனில் வந்த ஆர் 638 என்கிற தென்னாப்பிரிக்க உணவுச் சுகாதார விதிப்படி, சூடாக வைத்து விற்கும் கறி 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இங்கிலாந்தில் 63. அந்த மூன்று டிகிரிக்காகச் சண்டை போட வேண்டாம், 46-க்குப் போடலாம். தேக்சா நிறைய மட்டன் கொதித்தாலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கிருமியின் வித்துகள் சாகாது. மெதுவாக ஆறும்போது முளைக்கும். 43 முதல் 47 டிகிரி வரை அதற்குத் திருவிழா. வயிற்றைப் பிடிக்க எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆவதால் பழி மறுநாள் காலை டீக்குப் போய்விடும். லிஸ்டீரியா கிருமியால் 216 பேர் செத்த பிறகு பொலோனி என்கிற சாசேஜுக்குப் பயந்த ஊர், கறிக்குப் பயப்படுவதில்லை.

பேன்மரி சூட்டைக் காக்கும், சூடாக்காது. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த கறியை நேரே அதில் இறக்கினால் மத்தியானம் வரை வெதுவெதுப்புதான். தண்ணீரும் வற்றி, தட்டின் அடியைத் தொடாமல் கிடந்தது. திருகு காட்டுவது கீழே இருக்கும் சூட்டை, கறியின் சூட்டை அல்ல. அடுப்பில் நடுக்கறி 75 தாண்டும்வரை கொதிக்கவிட்டு, பேன்மரித் தண்ணீர் கொதித்த பிறகு, அரைத்தட்டு மட்டும் ஊற்றி மூட வேண்டும். மிச்சத்தைத் தேக்சாவோடு ஃபிரிட்ஜில் திணிக்காமல் இரண்டங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி ஆறவைக்க வேண்டும்.

சுவரில் உணவு விற்க நகராட்சி தரும் சான்றிதழ் தொங்கியது, வேறொருவர் பெயரில். கேட்டதற்குக் கடைக்கார அம்மா சொன்னது:

"அது பழைய முதலாளி பேரு அங்கிள். பேப்பர் இருக்குல்ல?"

இல்லை ஆன்ட்டி. அது கைமாறாது, பொறுப்பாளர் மாறினால் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடைக்குச் சுகாதாரத்துக்காக 0 முதல் 5 வரை மதிப்பெண் ஒட்டுவார்கள் (வேல்ஸில் கட்டாயம், இங்கிலாந்தில் இஷ்டம்). இங்கே மதிப்பெண் கிடையாது, தாள் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான்.

புகார் செய்கிறவர்கள் ரசீது, வாங்கிய நேரம், மிச்சப் பன்னி மூன்றையும் வைத்திருங்கள். பன்னியை மூடி ஃபிரிட்ஜில். என் புகாருக்கு வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் தெர்மாமீட்டர் முனையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒவ்வொரு தட்டாகச் செருகினார். லெஸ்டருக்குக் கிளம்புமுன் மறுபடி போனபோது கடைக் கண்ணாடி முழுக்க ஆவி.

"இன்னிக்குக் குத்திப் பாக்கலையா அங்கிள்?"

குத்திப் பார்த்தாயிற்று. 68.