சுங்கை சிப்புட் மாடிக்கடை: பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டிக்கு மாற்றக் கொடுத்த அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்கள் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கை அப்படியே புதிய எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்ற நினைத்தால் உடனே ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டாம். மார்க்கெட்டுக்குப் பின்வரிசைக் கடைவீட்டு மாடியில் ஒரு தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார், முதலில் அவரிடம் காட்டுங்கள். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது, ‘மாடிக்கடை’ என்று கேட்டால் கீழே மளிகைக் கடையில் வழி காட்டுவார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், போனும் சரியாக எடுக்க மாட்டார், ஆனால் இந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் செய்கிற ஆளை நான் இங்கேதான் பார்த்தேன்.

எங்களுடையது செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வாங்கும் சின்ன நிலையம். சிறு தோட்டக்காரர்கள் லாரியிலும் வேனிலும் குலை கொண்டுவருவார்கள், எடை போட்டு, தரம் பார்த்து, மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்போம். அந்தக் கணக்கு முழுவதும் விண்டோஸ் 7 ஓடும் ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டரில், அதைவிடப் பழைய ஒரு கணக்கு மென்பொருளில் இருக்கிறது. அதை விற்ற ஆட்கள் தொழிலையே மூடிவிட்டார்கள், நிறுவும் சிடியும் கிடையாது. அதனால் ‘புதுசா விண்டோஸ் போட்டு ஃபைலை மட்டும் காப்பி பண்ணிக்கலாம்’ என்ற பேச்சு எங்களுக்கு உதவாது. டிஸ்க் இருந்தது இருந்தபடியே புதிய இடத்துக்குப் போயாக வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்திருந்தோம். குளோன், அதாவது டிஸ்கை அச்சு அசலாக நகலெடுக்கும் வேலை, பாதியில் படிப்புப் பிழை காட்டி நின்றதும் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டினார்கள், அதுவும் நின்றதும் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க் போட்டுப் பார்த்தார்கள், தேதி தப்பாகக் காட்டுகிறது என்று மதர்போர்டு பேட்டரியையும் மாற்றினார்கள். கடைசியில் டிஸ்க் செத்துவிட்டது, எதுவும் எடுக்க முடியாது என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த பேட்டரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாடிக்கடைத் தம்பி டிஸ்கைக் கையில் வாங்கியதும் குளோன் பற்றியே பேசவில்லை. “அண்ணே, மொதல்ல இதோட ஒடம்பப் பாக்கணும். சீக்கா இருந்தா வழக்கமான குளோன் சாஃப்ட்வேர் எதப் போட்டாலும் பாதியிலதான் நிக்கும்” என்றார். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தார், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. நம்மில் பலர் அந்த நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அவர் உள்ளே போய் மூன்று வரிகளை விரலால் தொட்டுக் காட்டினார். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கழித்துக்கட்டி மாற்றிடம் கொடுத்த செக்டர்கள் (தகவலைப் பதியும் சின்னஞ்சிறு கட்டங்கள்), அது பூஜ்யம். சி7 என்பது கேபிள் வழியே வரும் தகவல் கெட்டுப்போன கணக்கு, அதுவும் பூஜ்யம், ஆக கேபிளைக் குறை சொல்ல முடியாது. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். அந்த வரியின் கடைசியில் 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் இதைப் பதினாறு அடிமான எண்ணில் காட்டும், அதனால் 18 என்றால் பதினாறும் எட்டும் சேர்ந்து 24 என்று விளக்கினார். இவ்வளவு பெரிய டிஸ்கில் வெறும் 24 செக்டர் கெட்டுப்போனதற்குத்தான் முந்தைய கடையில் மொத்தமும் செத்துவிட்டது என்று சொன்னார்கள்.

செக்டிஸ்க் விஷயத்தில் இவர் ரொம்பக் கண்டிப்பு. கெட ஆரம்பித்த டிஸ்கில் அதை முழு ஆய்வோடு ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்து, அந்த நோயாளி டிஸ்கிலேயே திருத்தங்களையும் எழுதும். மீதமிருக்கும் ஆயுளை அதற்கே செலவழிக்கக்கூடாது, முதலில் நகல், திருத்தமெல்லாம் நகலில்தான் என்றார். என் கணிப்பில் இந்தக் கடைக்குப் போக இந்த ஒரு பழக்கமே போதும்.

நகலெடுக்க அவர் பயன்படுத்தியது டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள். லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, பழைய டிஸ்கையும் கடையின் 1 டிபி டிஸ்கையும் நேராக மதர்போர்டின் சாட்டா கேபிளில் மாட்டினார். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டக்கூடாதா என்று கேட்டேன். நல்ல டிஸ்குக்குப் பரவாயில்லை, கெட்ட செக்டரில் டிஸ்க் திணறும்போது அடாப்டர் தொடர்பையே அறுத்துவிடும், மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாகவும் வேண்டும் என்றார். டிடிரெஸ்கியூ சாதாரண குளோன் மென்பொருள் மாதிரி முதல் கெட்ட செக்டரிலேயே முட்டிக்கொண்டு நிற்பதில்லை. சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய்க் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அங்கே திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். திரையில் வேகம் 100 எம்பிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று சில கேபிக்கு இறங்கும், பிறகு மறுபடி ஏறும். 500 ஜிபியை அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்தான், ஆனால் அந்தக் கடைசிச் சுரண்டல் இருக்கிறதே, அது இரவெல்லாம் இழுக்கும்.

நடுவில் வழக்கமான சாயங்கால இடிமழை வந்து கரண்ட் போனது. எனக்குப் பக்கென்றது. யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் நிதானமாக நகலை நிறுத்தி கம்ப்யூட்டரை அணைத்தார். கரண்ட் வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தார், விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. எது முடிந்தது எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போகுமாம், அந்தக் கோப்பைத் தனிப் பென்டிரைவில் வைத்திருந்தார். நம் ஊர் மின்சாரத்தை நம்பி இந்த வேலையைச் செய்கிறவருக்கு இந்த முன்யோசனை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டப்புறத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

முடிவில் படிக்கவே முடியாமல் நின்றது வெகு சில செக்டர்கள். அவை எந்தக் கோப்பில் விழுந்தன என்றும் தேடிப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தார்: கொஞ்சம் காலி இடத்தில், மீதி ஒரு பழைய கல்யாண வீடியோவில். கணக்குக் கோப்பில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து அளவுத் தகராறு. எங்கள் பழைய டிஸ்க் 500 ஜிபி, நான் வாங்கிக் கொடுத்த எஸ்எஸ்டி 480 ஜிபி. விண்டோஸ் கணக்கில் ஒன்று 465, இன்னொன்று 447. உள்ளே இருக்கும் சரக்கு பாதிகூட இல்லை என்றாலும், செக்டருக்குச் செக்டர் நகலெடுக்கும்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது கணக்கில்லை, பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு. எங்களுடைய டி டிரைவ் டிஸ்கின் கடைக்கோடி வரை நீண்டிருந்தது. முதலில் 1 டிபியில் இருந்த நகலில் செக்டிஸ்க் ஓட்டிக் கோப்பு அமைப்பைச் சரிபார்த்தார், பிறகு ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளை வைத்து டி டிரைவின் வாலை 40 ஜிபி சுருக்கினார், அதன்பிறகு குளோன்சில்லா என்ற குளோன் மென்பொருளில் ‘இலக்கு டிஸ்கின் அளவைச் சோதிக்காதே’ என்ற விருப்பத்தைப் போட்டு எஸ்எஸ்டிக்கு மாற்றினார். பழைய எம்பிஆர் முறை டிஸ்க் என்பதால் இது சுலபம், பார்ட்டிஷன் அட்டவணை தொடக்கத்தில் மட்டும்தான் இருக்கும். புதிய ஜிபிடி முறையில் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்கின் கடைசியிலும் இருக்கும், சின்ன டிஸ்குக்குப் போகும்போது அதையும் சரிசெய்ய வேண்டும். வீட்டில் சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்களுக்கு என் யோசனை, சில வெள்ளி (ரிங்கிட்) கூடப் போனாலும் பழையதைவிடப் பெரிய எஸ்எஸ்டியாக வாங்கிவிடுங்கள், இந்தத் தலைவலி இருக்காது.

குளோன் முடிந்தது, எஸ்எஸ்டியை மாட்டினார், விண்டோஸ் சின்னம் ஒரு கணம் வந்தது, நீலத் திரை மின்னியது, கம்ப்யூட்டர் தானாக மறுபடி கிளம்பியது. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ‘குளோன் சரியில்லை’ என்று முடிவு கட்டி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர் எஃப்8 தட்டி, பிழை வந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்பதைத் தேர்ந்தெடுத்தார். நீலத் திரை அப்படியே நின்றது. குறியீட்டின் கடைசியில் 7பி. விண்டோஸால் தான் கிளம்பிய டிஸ்கையே அணுக முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். உடனே, “அண்ணே, அண்மையில பேட்டரி ஏதும் மாத்துனீங்களா?” என்று கேட்டார்.

அதுதான் காரணம். பேட்டரியைக் கழற்றியபோது பயாஸ் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. எங்கள் விண்டோஸ் நிறுவப்பட்டது டிஸ்கோடு பேசும் பழைய ஐடிஇ முறையில், பயாஸோ இப்போது புதிய ஏஎச்சிஐ முறையில் நிற்கிறது. விண்டோஸ் 7 நிறுவியபோது தேவைப்படாத டிரைவரை (வன்பொருளோடு பேச வைக்கும் மென்பொருள்) தொடக்கத்தில் ஏற்றாது, அதனால் டிஸ்க் கண்முன்னால் இருந்தும் விண்டோஸால் பார்க்க முடியவில்லை. பயாஸில் ஐடிஇக்கு மாற்றியதும் சுத்தமாகக் கிளம்பியது. அதோடு விடவில்லை, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற டிரைவரின் தொடக்க மதிப்பைப் பூஜ்யமாக்கி, மறுபடி ஏஎச்சிஐக்கே மாற்றிவிட்டார், எஸ்எஸ்டிக்கு அதுதான் பொருத்தம். முந்தைய கடையில் குளோன் தப்பித்தவறி முடிந்திருந்தாலும் இதே சுவரில்தான் முட்டியிருப்பார்கள்.

முதல் தடவை கிளப்பும்போது பழைய டிஸ்கைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார். இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். குளோனுக்கும் மூலத்துக்கும் டிஸ்க் அடையாள எண் ஒன்றே, இரண்டையும் ஒன்றாக மாட்டினால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவைக்கும், அதை நாம் வலிய இயக்கினால் அடையாளத்தை மாற்றி எழுதிவிடும், பிறகு அந்த டிஸ்க் கிளம்பாமல் போகலாம்.

கணக்கு மென்பொருளின் உரிமம் பற்றி வேலை தொடங்கும் முன்பே எச்சரித்திருந்தார். சில மென்பொருள்கள் பார்ட்டிஷனின் வரிசை எண்ணைப் பார்க்கும், அது குளோனோடு கூடவே வந்துவிடும். சில, டிஸ்கில் தொழிற்சாலை போட்ட எண்ணைப் பார்க்கும், அது எந்தக் குளோனிலும் வராது. “தொறக்கலன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது, இப்பவே சொல்லிடுறேன்” என்றார். திறந்தது. நான் போன மாதக் குலைக் கணக்கை எடுத்து எடைச்சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன், அவரும் அப்படிப் பார்க்கச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எஸ்எஸ்டி போக, கூலி 150 வெள்ளி. குளோனுக்கு இவ்வளவா என்று சிலர் கேட்கலாம், நல்ல டிஸ்க் என்றால் இதில் பாதிகூட வாங்குவதில்லை என்று அங்கே காத்திருந்தவர் சொன்னார். எங்களுக்குச் செய்த வேலைக்கு நான் குறைவு என்றே சொல்வேன். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14லேயே முடிந்துவிட்டது, இணையக் கேபிளை மாட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று யாரையும் இப்போது தள்ளுவதில்லையாம், நேர்மையான பேச்சு.

குறைகளும் உண்டு. எப்போது முடியும் என்று தேதி சொல்ல மாட்டார், வாட்ஸ்அப்பில் கேட்டால் இரவுதான் பதில் வரும். பொருளைக் கொடுக்கும்போது ரசீது தானாகத் தருவதில்லை, கேட்டால் எழுதித் தருவார், ஆகவே கேளுங்கள், டிஸ்கின் வரிசை எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நம் டிஸ்கின் முழு நகல் அவர் கடை டிஸ்கில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாம் ஓடுகிறது என்று நான் உறுதி சொன்ன பிறகு என் கண்முன்னாலேயே அழித்தார், ஆனால் இதை அவர் வாடிக்கையாகவே செய்துவிட்டால் நல்லது. மாடிப்படி செங்குத்து, வயதானவர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், கீழிருந்து கூப்பிட்டால் இறங்கி வந்து வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று, டக் டக் என்று சத்தம் போடும் டிஸ்கை இங்கே கொண்டு போகாதீர்கள். அது உள்ளே தகவலைப் படிக்கும் தலை கெட்ட டிஸ்க், அவர் கரண்டே கொடுக்காமல் திருப்பித் தந்து, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்புவார். மற்றபடி மெதுவாகிவிட்டது, பாதியில் நிற்கிறது, குளோன் ஆகவில்லை என்கிற டிஸ்க் எதுவானாலும் போகலாம். டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகாமல் கம்ப்யூட்டரையே கொண்டு போங்கள், பயாஸில் என்ன இருக்கிறது என்று அவர் அதில்தான் பார்க்க முடியும்.